பலகைக்குப் பெட்டி தேடிய கதை

மளிகைக் கடையில் அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி விற்ற காலத்தை நம்மில் மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விளக்கு வாங்குவது பத்தாண்டுக்கு ஒரு முறை. சிம்னி உடைவதோ மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை. வாடிக்கையாளர் உடைந்த துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வருவார். நாமும் அளவு பார்த்து எடுத்துக் கொடுப்போம். வெளியூர்ச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று பெயர் தெரியாத விளக்கை வாங்கி வந்தவர் மட்டும் கடை கடையாக ஏறி இறங்குவார். விளக்கு நல்ல விளக்குதான். சிம்னி கிடைக்காததால் அது பரணுக்குப் போய்விடும்.

இந்தப் பழைய கதையை நமக்கு நினைவூட்டியது, நம் கடைகளில் எவரும் இதுவரை விற்றிராத ஒரு சரக்கு. சங்க உறுப்பினர் ஒருவர், பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர், தம் மகனை நம்மிடம் அனுப்பியிருந்தார். மளிகையோடு ஹார்டுவேர் கடையும் நாம் நடத்துவதால், பசை, துளை போடும் மிஷின் என்றால் நம்மைத்தான் கேட்பார்கள். பையன் கோவளம் கடலில் அலைச்சறுக்கு பழகியவன். “பெரியப்பா, இந்தத் தடவை பலகையை நானே செய்யப் போகிறேன். அடியில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஃபின் வைக்க வேண்டும். அதற்கு எந்தப் பெட்டி பதிக்கலாம்?” என்று கேட்டான்.

“ஏனப்பா, உன்னிடம்தான் ஒரு பலகை இருக்கிறதே?” என்றோம்.

இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் சொந்தச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய பழைய பலகை அது. மூன்றாம் வாரம் ஒரு ஃபின் பாறையில் மோதிப் போய்விட்டது. புது ஃபின் வாங்கலாம் என்று தேடினால், அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டிருந்தது. வேறு எந்த ஃபின்னும் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை. பலகை இப்போது அவன் அப்பாவின் குடோனில் இருக்கிறது. தரை ஈரம் ஏறாமலிருக்க அதன் மேல் புளி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

சிம்னி கிடைக்காத விளக்கு! நமக்கு விஷயம் புரிந்துவிட்டது. அலை மேல் ஏறி நிற்கும் வயது நமக்கு இல்லை. ஆனால் உதிரிச் சரக்கு என்ற வகையில் இது நம் தொழில்தானே என்று, விசாரித்தும் படித்தும் அறிந்ததை வாசகர்களுக்கும் எழுதுகிறோம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியே நடந்துவிட்ட பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடை வைத்திருப்போர் இதைத் தெரிந்து வைப்பதில் நஷ்டமில்லை.

படகின் அடிக்கட்டை பலகைக்கு வந்தது

மீனுக்குத் துடுப்பு எப்படியோ அப்படித்தான் பலகைக்கு ஃபின். அது இல்லாவிட்டால் பலகையின் பின்பகுதி அலைச் சரிவில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். நினைத்த திசையில் திருப்ப முடியாது. ஹவாய்த் தீவுக்காரர்கள் பல தலைமுறைகளாக ஃபின் இல்லாமலே சறுக்கினார்கள். 1935இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றிலிருந்து எடுத்த அடிக்கட்டையைத் தம் பலகையில் பொருத்தி வைக்கிக்கி கடலில் இறங்கினார். அதுதான் தொடக்கம் என்பார்கள். காயலான் சரக்கிலிருந்து பிறந்த சரக்கு!

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஃபின் என்றால் பலகையோடு கண்ணாடி நார்த்துணியும் ரெசினும் வைத்து நிரந்தரமாக ஒட்டியதுதான். இன்றும் அப்படிச் செய்பவர்கள் உண்டு. பார்க்க அழகு, உறுதி, பெட்டிச் செலவும் இல்லை. ஆனால் விமானத்தில் ஏற்றினால் முதலில் உடைவது அதுதான். உடைந்தால் பட்டறைக்கு எடுத்துப்போய் இழைத்து, ஒட்டி, காயவைத்துப் பல நாள் காத்திருக்க வேண்டும். இந்த அவஸ்தைக்கு மாற்றாக 1960களின் நடுவில் கலிபோர்னியாவின் டாம் மோரி, கார்ல் போப் ஆகிய இருவரும் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் ஃபின்னை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். மோரி பின்னாளில், 1971இல், படுத்துச் சறுக்கும் சிறு நுரைப் பலகையைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றவர்.

1970களில் அதே கலிபோர்னியாவில் என்சினிடாஸ் என்ற கடற்கரை ஊரில் பானே என்பவரின் நிறுவனம் பரப்பிய நீளப் பெட்டி இன்றுவரை நிலைத்துவிட்டது. சுமார் பத்தங்குலம் நீளமுள்ள ஒரு பள்ளம். ஃபின்னின் ஒரு முனையில் சிறு ஆணி. மறுமுனையில் ஒரு திருகாணி, அதைப் பிடிக்க ஒரு சிறு தகடு. தகட்டைப் பள்ளத்தில் நகர்த்தி, ஃபின்னை முன்னும் பின்னும் தள்ளி, வேண்டிய இடத்தில் இறுக்கலாம். பின்னால் தள்ளினால் பலகை நேராக ஓடும். முன்னால் கொண்டு வந்தால் எளிதில் திரும்பும். நீளப் பலகைக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் இன்றும் வைக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக அளவு மாறாத உதிரிச் சரக்கு என்றால் சும்மாவா? நம் கடையில் அப்படி எத்தனை சரக்கு இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

ஒன்று மூன்றானது

அடுத்த திருப்பம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிட்னி பக்கம் நரபீன் ஊரைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சன் என்ற பலகை செய்பவர், 1980இல் ஏறக்குறைய ஒரே அளவுள்ள மூன்று ஃபின்களை ஒரு பலகையில் வைத்தார். பக்கத்துக்கு ஒன்று, நடுவில் பின்னால் ஒன்று. 1981இல் பெல்ஸ் பீச் போட்டியில் பெரிய அலைகளில் அதே வகைப் பலகையில் வென்று காட்டினார். சில ஆண்டுகளில் உலகமே மூன்று ஃபின்னுக்கு மாறியது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகமெங்கும் விற்ற பலகைகளுக்கு அவருக்கு ஒரு காசு உரிமைத் தொகை இல்லை. இதைப் படித்தபோது நமக்கு மனம் கொஞ்சம் கனத்துப் போயிற்று.

மூன்று ஃபின் என்றால் உடைவதற்கும் மூன்று. வியாபாரிகளுக்கு இது புரியாமல் இருக்குமா? 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் எஃப்.சி.எஸ். என்ற முறை வந்தது. ஒவ்வொரு ஃபின்னின் அடியிலும் இரண்டு சிறு நாக்குகள். பலகையில் அவற்றுக்கு இரண்டு வட்ட அடைப்புகள். ஒவ்வோர் அடைப்பிலும் தலையில்லாத சிறு திருகாணி. அறுகோணச் சாவியால் இறுக்கினால் முடிந்தது. அதே 1990களில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச்சில் ஃப்யூச்சர்ஸ் என்ற போட்டி முறை எழுந்தது. அதில் இரண்டு அடைப்பு இல்லை; ஒரே நீளப் பள்ளம், அதில் முழு நீளத்துக்கும் உட்காரும் ஒரே நாக்கு, முன்னால் ஒரே திருகாணி. ஒன்றின் ஃபின் மற்றதில் உட்காராது.

2013இல் எஃப்.சி.எஸ். நிறுவனம் இரண்டாம் தலைமுறைப் பெட்டியைக் கொண்டு வந்தது. இதில் திருகாணியே வேண்டாம். ஃபின்னின் முன்பகுதியைச் செருகிப் பின்பகுதியை உள்ளங்கையால் அழுத்தினால் ‘டக்’கென்று உட்கார்ந்துவிடும். இதில் ஒரு வணிக சாமர்த்தியம் இருக்கிறது. பழைய இரட்டை நாக்கு ஃபின்னையும், இடைவெளியை நிரப்பும் சிறு துண்டு வைத்துத் திருகாணி இறுக்கி, புதிய பெட்டியில் மாட்டலாம். புதிய ஃபின்னைப் பழைய அடைப்பில் மாட்ட முடியாது. பழைய வாடிக்கையாளரின் கையிருப்பு செல்லாக்காசு ஆகவில்லை. அதே சமயம் அவர் அடுத்த பலகைக்குப் புதிய பெட்டியைத்தான் கேட்பார்.

பெட்டிகளின் விலை பெரிதல்ல. நல்ல ஃபின் தொகுதி ஒன்றின் விலை அதைப் போலச் சில மடங்கு. பெட்டி ஒரு முறை பதிந்துவிட்டால் அந்தப் பலகையின் ஆயுள் முழுவதும் வாடிக்கையாளர் அந்த வகை ஃபின்னையே தேடி வரவேண்டும். சவரக் கத்திப் பிடியும் பிளேடும் விற்ற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எது பலம் என்ற வழக்கு

பையன் முதலில் கேட்டது “எது பலம்?” என்பதைத்தான். எல்லா வாடிக்கையாளரும் இதையே கேட்கிறார்கள். நாம் விசாரித்தவரை பதில் இது. ஒற்றைப் பள்ளப் பெட்டியில் ஃபின்னின் அடி முழு நீளத்துக்கும் பிடிப்பு இருப்பதால் ஆட்டம் குறைவு, தாங்கும் சக்தி அதிகம். ஆனால் பெரிய அடி விழுந்து பெட்டி பெயர்ந்தால் நுரையையும் பிய்த்துக்கொண்டு பெரிய பள்ளமாக வரும். இரட்டை நாக்கு முறையில் மோதினால் பெரும்பாலும் நாக்கு முறியும். ஃபின் போகும், பலகை பிழைக்கும். சில சமயம் அடைப்பும் சேர்ந்து கழன்று வருவதுண்டு. மணலும் பாறையும் கலந்த கரையில் ஃபின் போவது மலிவா, பலகை போவது மலிவா? மின்சார ஃபியூஸ் கம்பியை ஏன் மெல்லிசாக வைக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே “பலத்தை விடு, நாளைக்கு ஃபின் போனால் யாரிடம் கடன் வாங்குவாய்?” என்று திருப்பிக் கேட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளம் கடற்கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பலகைகளை எண்ணி வரச் சொன்னோம். புதுச் சரக்கு எடுக்குமுன் பக்கத்துத் தெருவில் என்ன ஓடுகிறது என்று பார்த்து வருகிற பழக்கம்தான். நோட்டில் எழுதி வந்தான்: 14 பலகை. இரட்டை நாக்கும் அதன் இரண்டாம் தலைமுறையும் சேர்ந்து 8, ஒற்றைப் பள்ளம் 4, நீளப் பெட்டி 2. அனாதைப் பெட்டி ஒன்றுகூட இல்லை. இருந்தவையும் ஏதாவதொரு குடோனில் புளி மூட்டை சுமக்கின்றன போலும்.

கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனால் சிக்கல் வேறிடத்தில் வந்தது.

நுரை சொன்ன மறுப்பு

பலகையின் உள்ளுடம்பு நுரை. பல காலமாக அது பாலியூரித்தேன். அமெரிக்காவில் இந்த நுரைக்கூட்டில் பெரும்பகுதியை கிளார்க் ஃபோம் என்ற ஒரே நிறுவனம் விற்றுவந்தது. 2005 டிசம்பர் 5ஆம் நாள் அதன் உரிமையாளர் கார்டன் கிளார்க், உற்பத்தியை நிறுத்திவிட்டதாக வாடிக்கையாளர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். முன்னறிவிப்பு ஏதும் இல்லை. பலகைப் பட்டறைகள் கையிலிருந்த இருப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு திண்டாடின, விலை எகிறியது. ஒரே மொத்த வியாபாரியை நம்பிக் கடை நடத்துவோர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம். அதன் பிறகுதான் தெர்மகோலும் எப்பாக்ஸி ரெசினும் சேர்ந்த பலகைகளுக்கு நல்ல வளர்ச்சி வந்தது.

நம் பையனுக்கும் கிடைப்பது தெர்மகோல்தான். பாலியூரித்தேன் கூடு கப்பலில் வரவேண்டும்; தெர்மகோல் கட்டியை உள்ளூரிலேயே அறுத்துத் தருகிறார்கள். ஆனால் டி.வி. பெட்டிக்குள் வருகிற பேக்கிங் சரக்கு உதவாது. கன மீட்டருக்கு 24 முதல் 32 கிலோ எடையுள்ள அடர்த்தியான சரக்கைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் மேல் சாதாரண பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் கட்டி கரைந்து கூழாகிவிடும். எப்பாக்ஸி மட்டுமே ஆகும். மற்றொன்று: தெர்மகோலுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, ஈரமாக உள்ள ரெசினில் கொப்புளம் கிளப்பும். அதனால் வெயில் ஏறுகிற காலை வேளையில் துணி ஒட்டக்கூடாது. சூடு இறங்குகிற மாலைதான் சரி. சென்னை வெயிலில் இது பெரிய விஷயம்.

பெட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தெர்மகோல் இளகிய சரக்கு. சிறு வட்ட அடைப்பை அதில் குத்தி வைத்தால் கெட்டியான மண் இல்லாத இடத்தில் ஊன்றிய பந்தல்காலைப் போல ஆடும். ஒன்று, அந்த இடத்தில் மட்டும் நுரையைத் தோண்டி எடுத்து, கெட்டி நுரைத் துண்டு வைத்து, அதில் அடைப்பைப் பதிக்க வேண்டும். அல்லது பாரத்தைப் பரப்பி வாங்கும் நீள உடம்புப் பெட்டி வேண்டும். கடற்கரைக் கணக்கோ இரட்டை நாக்கு என்கிறது. நுரையோ நீளப் பெட்டி என்கிறது. இரண்டையும் சமாதானம் செய்யக்கூடியது இரண்டாம் தலைமுறைப் பெட்டி. அதன் உடம்பு நீளம். பழைய இரட்டை நாக்கு ஃபின்னும் அதில் ஏறும். கோவளத்தில் 14இல் 8 பேரிடம் கடன் கேட்கலாம்.

அதையே தேர்ந்தெடுத்தோம். நான்கும் வைக்கலாம், ஐந்தும் வைக்கலாம் என்று ஆசை காட்டுவோர் உண்டு. ஐந்து பெட்டி பதித்தால் மூன்று ஃபின்னும் மாட்டலாம், நான்கும் மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு துளை, கொஞ்சம் எடை, தண்ணீர் புக ஒரு வழி. முதல் பலகைக்கு மூன்று போதும் என்று சொல்லிவிட்டோம்.

கால் அங்குலத்தில் இருக்கிறது

பெட்டிக்கேற்ற பள்ளம் தோண்ட ரவுட்டர் மிஷினும், அது வழி தவறாமல் ஓட ஓர் அச்சுப் பலகையும் வேண்டும். நிறுவனத்தார் விற்கும் அச்சின் விலை மூன்று பெட்டியின் விலையை விட அதிகம். ஒரே ஒரு பலகைக்கு அதை வாங்குவது, ஒரு கிலோ சர்க்கரை நிறுக்கப் புதுத் தராசு வாங்குவது போல. நமக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் பெட்டியின் அளவை எடுத்து ஒட்டுப்பலகையில் அச்சு அறுத்துக் கொடுத்தார். மிஷினும் அவருடையதே.

இடக் குறிப்பில்தான் கவனம் தேவை. மூன்று ஃபின் பலகையில் வழக்கமான அளவு: பக்க ஃபின்களின் பின்விளிம்பு வாலிலிருந்து சுமார் 11 அங்குலம், பலகையின் ஓரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் உள்ளே. நடு ஃபின்னின் பின்விளிம்பு வாலிலிருந்து மூன்றரை அங்குலம். பக்க ஃபின்கள் இரண்டும் மூக்கை நோக்கிச் சற்று உள்வாங்கி நிற்க வேண்டும். முன்முனைக்கும் பின்முனைக்கும் கால் அங்குலம் வித்தியாசம். அவை நேர் செங்குத்தாகவும் நிற்கா. வெளிப்பக்கம் சில பாகை சாய்வு உண்டு. நடு ஃபின் மட்டும் நட்ட குத்து. பக்க ஃபின்னின் உள்முகம் தட்டை, வெளிமுகம் வளைவு. நடு ஃபின் இருபுறமும் ஒரே வளைவு. இடமும் வலமும் மாற்றி மாட்டிவிட்டு ‘பலகை சரியில்லை’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

முதலில் அறுத்து மிஞ்சிய தெர்மகோல் துண்டில் வெட்டிப் பார்க்கச் சொன்னோம். நல்லவேளை. முதல் பள்ளம் கோணல். தச்சர் அச்சைப் பிடித்த ஆணி நுரையில் நழுவிவிட்டது. மரத்தில் பழகிய கைக்கு நுரையின் மென்மை புரியச் சற்று நேரமாயிற்று. இரண்டாம் முறை அச்சை இரட்டைப் பசை டேப்பில் ஒட்டி வெட்டினார். சரியாக வந்தது. நேராகப் பலகையிலேயே முதல் வெட்டைப் போட்டிருந்தால் பையனின் நாலு மாதச் சேமிப்பு அங்கேயே போயிருக்கும். பெட்டியை எப்பாக்ஸியில் பதித்து, மேலே துணி போர்த்தி, காய்ந்த பின் வாயை இழைத்துத் திறந்தார்கள்.

ஃபின்னின் அளவு ஆளின் எடையைப் பொறுத்தது. இந்த நிறுவனத்தின் அட்டவணையில் 65 முதல் 80 கிலோ வரை நடுத்தர அளவு. வேறு கம்பெனி அட்டவணையில் சற்று மாறும். பையன் 70 கிலோ. ஆளைப் பார்த்துச் செருப்பு எடுத்துக் கொடுப்பது போலத்தான் இதுவும். விலை உயர்ந்த தேன்கூடு வகை, கரி நார் வகை என்றெல்லாம் இருக்கின்றன. பழகுகிறவனுக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் தொகுதி போதும். அதையும் புதிதாக வாங்காமல், கடற்கரை நண்பன் ஒருவனிடம் பழைய இரட்டை நாக்குத் தொகுதியைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டான். இடைவெளி நிரப்பும் துண்டுகளை மட்டும் தனியாகத் தருவித்தான்.

கடைசியாகத் திருகாணிக்காக நம் கடைக்கு வந்தான். பழைய ஃபின் என்பதால் திருகாணி இல்லாமல் முடியாது. விரல் நகத்தை விடச் சிறிய சாமான். மணலில் விழுந்தால் தேடவே முடியாது. உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துத் தலைப்பள்ளம் தேய்ந்துவிட்டால் ஃபின்னைக் கழற்றவும் முடியாது. துருப்பிடிக்காத எஃகு என்று பார்த்து எடுத்து, மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொன்னோம். வேண்டியதற்கு மேல் நான்கு அதிகமாகப் போட்டு, அறுகோணச் சாவி ஒன்றையும் சேர்த்து, ஏலக்காய் விற்கும் சிறு ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தோம். “கவருக்கு எவ்வளவு பெரியப்பா?” என்றான். அப்பாவின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம் என்றோம்.